8 மெகாபிக்சல் கேமரா போட்டால் முகம் தெரிந்துவிடுமா? (கொண்டோ கேமரா மாற்றம்)

#1 · மூன்றாம்மாடி

வணக்கம். சிங்கப்பூரின் மேற்கு வட்டாரத்தில் ஒரு கொண்டோவில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) இருக்கிறேன், இந்த ஆண்டு நிர்வாக மன்றத்திலும் மாட்டிக்கொண்டேன். எங்களிடம் 24 கேமரா, எல்லாமே 2 மெகாபிக்சல். தரைத்தள லாபியில் வைத்த பார்சல்கள் இரவில் காணாமல் போயின. பதிவு இருக்கிறது. தொப்பி, தோள் பை, உள்ளே நுழைந்தது, குனிந்து எடுத்தது எல்லாம் தெரிகிறது. முகம் மட்டும் கலங்கல். காவல்துறைக்குக் கொடுத்திருக்கிறோம், ஆனால் அதை வைத்து யாரை என்று சொல்வது?

இப்போது கேமரா பொருத்தும் குத்தகையாளர் ஒருவர் 24 கேமராவையும் 4கே (8 மெகாபிக்சல்) ஆக்கலாம் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். "ஐஇசி தரத்துக்கு இணங்கும்" என்று ஒரு வரி (ஐஇசி என்பது மின்சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் பன்னாட்டு ஆணையமாம்). மன்றத்தில் பாதிப் பேர் "கூடக் கூட நல்லதுதானே" என்கிறார்கள், மீதிப் பேர் சிங்கிங் ஃபண்டை (பெரிய பழுதுவேலைகளுக்கான சேமிப்பு நிதி) தொட விடமாட்டோம் என்கிறார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்குகிறது. மெகாபிக்சலுக்கும் இந்தத் தரத்துக்கும் உண்மையில் என்ன தொடர்பு? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · எல்லாம்4கே

இதுல யோசிக்க என்ன இருக்கு? 4கே போடுங்க, வேலை முடிஞ்சது. பெரிய படமா இருந்தா பிறகு வெட்டிப் பெருசாக்கிப் பார்க்கலாம். சின்னப் படத்துல இல்லாத முகத்தை எங்கிருந்து வரவழைப்பீங்க?

#3 · வயர்மேன்

கேமரா பொருத்துற வேலையிலதான் இருக்கேன். மேல உள்ளவர் கடைசி வரியில சொன்னது சரி. முதல் வரிதான் வம்பு.

கண்காணிப்பு கேமராவுக்கான தரம் ஐஇசி 62676-4, 2014ல வந்த பதிப்பு. கொட்டேஷன்கள்ல ஓடுறது பெரும்பாலும் அதோட எண்கள்தான். அந்த அளவு கேமராவுக்கு இல்ல, படத்துக்கு. ஆள் நிற்கிற இடத்துல 1 மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுதுங்கிறதுதான் கேள்வி. கூட்டம் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்க 12.5 போதும். ஆள் ஒருத்தர் இருக்காரா இல்லையா, 25. என்ன உடுத்தியிருக்கார், என்ன செய்றார், 62.5. ஏற்கெனவே பழக்கமான ஆளை "இவர்தான்"னு சொல்ல 125. முன்பின் பார்த்திராதவரைச் சந்தேகத்துக்கு இடமில்லாம அடையாளம் காட்ட 250. அதுக்கும் மேல 1000ன்னு ஒண்ணு இருக்கு, நுணுகி ஆராய. லாபிக்கு அது வேணாம்.

இந்த 250 எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா சிரிப்பீங்க. அனலாக் காலத்துல பிரிட்டன் உள்துறை அமைச்சோட ஆய்வுக்கூடம் ரோட்டாகின் (Rotakin)னு 1.6 மீட்டர் உயர உருவம் ஒண்ணை வெச்சு கேமராவைச் சோதிக்கும். அது திரையோட முழு உயரத்தை நிரப்பினா அடையாளம் காட்டலாம்னு கணக்கு. அந்தக் காலத் திரையில உருப்படியா 400 கோடுன்னு வைங்க. 400ஐ 1.6ஆல வகுத்தா 250. இன்னிக்கு 4கே விக்கிறவங்களும் அந்த எண்ணைத்தான் கையில வெச்சிருக்காங்க. தர ஆவணமே இந்த எண்களை வழிகாட்டியாத்தான் சொல்லுது, எட்டிட்டா முகம் கட்டாயம் தெரியும்னு உத்தரவாதம் தரல.

2 மெகாபிக்சல்னா அகலத்துல 1920 பிக்சல். 250ஆல வகுத்தா 7.68 மீட்டர். அதாவது காட்சியோட அகலம் 7.68 மீட்டருக்குள்ள இருக்கிற வரைக்கும் பழைய கேமராவே அடையாள அளவை எட்டும். 4 மெகாபிக்சல்னா 2560, அது 10.24 மீட்டர். 4கேன்னா 3840, அது 15.36 மீட்டர்.

அதனால "24 கேமராவும் தரத்துக்கு இணங்கும்"னு ஒரே வரியில எழுதினா அதுக்கு அர்த்தமே கிடையாது. எந்த கேமரா, எந்த இடத்துல, எந்த வேலைக்குன்னு எழுதணும். முதல்ல ஒண்ணு செய்ங்க சார். அந்த லாபி கேமரா படத்துல, கதவு இருக்கிற வரிசையில இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரைக்கும் தரையில எத்தனை மீட்டர் வருதுன்னு டேப் வெச்சு அளந்து சொல்லுங்க.

#4 · கணக்குப்புள்ள

வயர்மேன், ஒரு சந்தேகம். 8ஐ 2ஆல் வகுத்தால் 4 மடங்கு. நீங்கள் போட்ட கணக்கில் அகலம் 2 மடங்குதானே கூடியிருக்கிறது?

#5 · வயர்மேன்

மீதி 2 மடங்கு உயரத்துக்குப் போயிடுச்சு. விளம்பரத்துல 4 மடங்குன்னு போடுறது பரப்பு. முகம் தெரியுற தூரம் 2 மடங்குதான் கூடும். 90 டிகிரி லென்ஸை எடுத்துக்கங்க, காட்சி அகலம் எப்பவும் தூரத்தைப் போல இரு மடங்கா இருக்கும். அப்போ 2 மெகாபிக்சல்ல 3.84 மீட்டர் வரைக்கும் அடையாளம், 4கேல 7.68 மீட்டர் வரைக்கும்.

அதே 2 மெகாபிக்சல்ல 30 டிகிரி லென்ஸ் போட்டுப் பாருங்க, 14 மீட்டர் தாண்டிப் போகும். பக்கவாட்டுல பார்வை குறுகிடும், ஆனா கதவைப் பார்க்க வெச்ச கேமரா கதவைப் பார்த்தாப் போதாதா? இங்க பெரும்பாலான கொண்டோவுல மூலைக்கு மூலை 2.8 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டிட்டுப் போயிடுறாங்க. கிட்டத்தட்ட 100 டிகிரிக்கு மேல பார்க்கும். கமிட்டி ஆளுங்களுக்கு மானிட்டர்ல லாபி முழுக்கத் தெரிஞ்சா சந்தோஷம், கையெழுத்துப் போட்டுடுவாங்க.

#6 · இரவுப்பணி

நான் பாதுகாப்பு அதிகாரி, 12 மணி நேர ஷிப்ட், கொண்டோதான். வயர்மேன் அண்ணே சொல்ற பிக்சல் கணக்கோட இன்னொண்ணையும் சேர்த்துக்கணும். கேமரா சீலிங்குல, 3 மீட்டர் உயரத்துல. ஆள் கேமராவுக்குக் கிட்ட வர வர பிக்சல் கூடுது, ஆனா தெரியுறது தொப்பிதான். தூரத்துல இருக்கிறப்ப முகம் நேராத் தெரியுது, பிக்சல் இல்ல. எங்க லாபியில இதே கதைதான்.

#7 · வயர்மேன்

தம்பி, அனுபவசாலி பேச்சு. கணக்குப் போட்டுக் காட்டுறேன். கேமரா 3 மீட்டர், முகம் 1.6 மீட்டர், வித்தியாசம் 1.4. ஆள் 2 மீட்டர் தள்ளி நின்னா கேமரா 35 டிகிரி சரிவுல பார்க்குது. தொப்பி போட்டிருந்தா மூக்குக்கு மேல ஒண்ணும் கிடைக்காது. 5 மீட்டர் தள்ளி நின்னா 16 டிகிரிக்குள்ள வந்துடும், முகம் நல்லா விழும். ஆனா 90 டிகிரி லென்ஸ் போட்ட 2 மெகாபிக்சல் கேமராவுக்கு அடையாள எல்லை 3.84 மீட்டர்லயே முடிஞ்சுடுதே. நல்ல கோணமும் போதிய பிக்சலும் சேருற இடம் துண்டு நிலம்தான். திருடன் அதுல வந்து நின்னு போஸ் கொடுக்க மாட்டான்.

#8 · எல்லாம்4கே

நீங்களே என் பக்கம் பேசுறீங்களே. 4கே போட்டா அந்தத் துண்டு நிலம் 7.68 மீட்டர் வரைக்கும் நீளுது. நேர்க்கோணம் கிடைக்கிற இடமெல்லாம் உள்ள வந்துடும்.

#9 · வயர்மேன்

பகல்ல, ஆமா. அதை மறுக்கல.

#10 · மூன்றாம்மாடி

மேனேஜிங் ஏஜென்டோடு போய் அளந்தோம். கதவு வரிசையில் காட்சி அகலம் 12 மீட்டர். 1920ஐ 12ஆல் வகுத்தால் 160. வயர்மேன் கணக்குப்படி, தெரிந்த ஆளாக இருந்தால் சொல்லலாம், தெரியாத ஆளை அடையாளம் காட்ட முடியாது. ஆனால் ஒன்று இடிக்கிறது. என் கையில் இருக்கும் படம் 160க்குக்கூட லாயக்கில்லை. என் மனைவி அதே கதவில் நுழைந்த பதிவைப் பார்த்தேன், எனக்கே உறுதியாகச் சொல்ல வரவில்லை.

#11 · வயர்மேன்

அந்த கிளிப் எப்படி எடுத்தாங்க? கணினியில போட்டு வலது கிளிக் பண்ணி, படத்தோட அகலம் உயரம் என்னன்னு பாருங்க.

#12 · மூன்றாம்மாடி

704 × 576. காவலர் அறையில் இருந்தவர் கைப்பேசிச் செயலியில் திறந்து, அதிலேயே பதிவுப் பொத்தானை அழுத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். நாங்கள் காவல்துறைக்குக் கொடுத்ததும் அதையேதான்.

#13 · வயர்மேன்

பிடிபட்டது. 704ஐ 12ஆல வகுங்க. 58.6. உடை, செய்கை பார்க்கக் கேட்கிற 62.5ஐக்கூட அது எட்டல.

ஒவ்வொரு கேமராவும் ரெண்டு வீடியோ ஓட்டம் (ஸ்ட்ரீம்) அனுப்பும். முழு அளவுல ஒண்ணு, பதிவுக்கு. சின்னதா ஒண்ணு, கைப்பேசியிலயும் 16 கட்டம் பிரிச்ச மானிட்டர்லயும் தடங்கல் இல்லாம ஓட. செயலி தானாவே சின்னதை எடுத்துக்கும். அதுல பிடிச்ச கிளிப்பை வாட்ஸ்அப் இன்னும் கொஞ்சம் நசுக்கியிருக்கும். பதிவுப் பெட்டிக்கு முன்னால உட்கார்ந்து, யுஎஸ்பி மாட்டி, முதன்மை ஓட்டத்திலிருந்து எடுங்க. உடனே போங்க, டிஸ்க் நிரம்பினா பழசு மேல புதுசு எழுதிடும். கிடைச்சா விசாரணை அதிகாரிக்கும் அதைக் கொடுங்க.

கவனிச்சீங்களா, நீங்க 24 கேமராவையும் 4கே ஆக்கியிருந்தாலும் காவலர் கைப்பேசியில எடுத்திருந்தா வந்திருக்கிறது இதே கலங்கல்தான்.

#14 · சட்டப்புத்தகம்

நல்ல இழை. தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது, விதிப்பக்கம் கொஞ்சம் சொல்கிறேன்.

"தரத்துக்கு இணங்க வேண்டும்" என்று மன்றத்தில் யாராவது மிரட்டினால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேளுங்கள். உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. கட்டுவதற்கு முன்பே பாதுகாப்பை ஆராய வேண்டும் என்று அது கேட்பது, அந்தச் சட்டத்தின் கீழ் குறிப்பிடப்பட்ட பெரிய கட்டடங்களையும் முக்கிய உள்கட்டமைப்புகளையும்தான். உங்கள் கொண்டோ அதில் இல்லை என்றால் ஐஇசி அளவு என்பது நீங்களே குத்தகையில் எழுதி வாங்கிக்கொள்ளும் நிபந்தனை. எழுதாவிட்டால் அதைக் காட்டி யாரையும் கேள்வி கேட்க முடியாது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மட்டும் உங்களுக்கு நிச்சயம் பொருந்தும். அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன. கேமரா இருக்கிறது என்ற அறிவிப்புப் பலகை வேண்டும். பதிவைப் பாதுகாக்க வேண்டும். தேவை முடிந்த பிறகும் வைத்திருக்கக் கூடாது. தான் இருக்கும் பதிவைக் குடியிருப்பாளர் கேட்டால் விதிவிலக்குகள் தவிரக் கொடுக்க வேண்டிய கடமை உண்டு, அப்போது மற்றவர் முகங்களை மறைத்துக் கொடுக்க நேரலாம். முகம் தெளிவாகத் தெரிய தெரிய இந்த மறைக்கும் வேலையும் கூடும். எதிர்ப் புளோக்கின் படுக்கையறை சன்னல் 4கேயில் எப்படித் தெரியும் என்றும் ஒருமுறை யோசியுங்கள்.

வாட்ஸ்அப்பில் போன அந்த கிளிப் எத்தனை கைப்பேசிகளில் இருக்கிறது என்பது தனிக் கேள்வி. அதை இங்கே கேட்கவில்லை.

#15 · தேக்கா_மளிகை

நடுவுல நுழையுறேன், மன்னிக்கணும். கடையில 4 கேமரா செட்டு, சிம் லிம் ஸ்குவேர்ல வாங்கினது. பெட்டியில 1080என் (1080N)-னு போட்டிருக்கு. 1080பியும் இதுவும் ஒண்ணுதானே?

#16 · வயர்மேன்

இல்லண்ணே. 1080பின்னா 1920 × 1080. 1080என்-னா 960 × 1080. உயரம் அப்படியே, அகலம் பாதி. ஓட்டும்போது இழுத்து நீட்டிக் காட்டும், கண்ணுக்குத் தெரியாது. மீட்டர் கணக்குல பார்த்தா 7.68 மீட்டர் 3.84 ஆயிடும். லைட் (Lite)னு போட்டிருக்கிற பெட்டியிலயும் பெரும்பாலும் இதே வித்தை. உங்க கல்லாவைப் பார்க்கிற கேமரா 2 மீட்டர் அகலம்தான் பார்க்கும்னா 480 பிக்சல் வருது, கவலையே வேணாம். வாசல் கேமராவை மட்டும் அளந்து பாருங்க.

#17 · மூன்றாம்மாடி

பதிவுப் பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டோம், 1920 × 1080. பெரிய வித்தியாசம். பையில் உள்ள கோடு, காலணியின் வெள்ளை அடிப்பாகம் எல்லாம் வந்துவிட்டது. நின்ற இடத்தில் தாடை, காது வரை தெரிகிறது. ஆனால் நடக்கும்போது முகம் பக்கவாட்டில் இழுபடுகிறது. பகலில் அதே கேமராவில் அப்படி இல்லை.

#18 · இரவுப்பணி

சார், உங்க லாபியில ராத்திரி விளக்கைக் குறைக்கிறாங்களா? எங்க இடத்துல 11 மணிக்கு மேல பாதிதான் எரியும். மின்சாரக் கட்டணத்துக்காக கமிட்டி போட்ட தீர்மானம்.

#19 · மூன்றாம்மாடி

ஆமாம், இங்கும் அதே கதைதான். தீர்மானம் போட்ட மன்றத்தில் நானும் கையைத் தூக்கியிருப்பேன்!

#20 · வயர்மேன்

அப்போ கேளுங்க. வெளிச்சம் குறைஞ்சா கேமரா ஷட்டரை நீட்டித் திறந்து வெச்சுக்கும், 1/25 நொடி வரைக்கும். சாதாரணமா நடக்கிறவர் நொடிக்கு 1.4 மீட்டர் போறார். 1/25 நொடியில 5.6 சென்டிமீட்டர் நகர்ந்துடுறார். உங்க கேமராவுல 160 பிக்சல் கணக்குல அது 9 பிக்சல். முகத்தோட அகலம் 16 சென்டிமீட்டர்னு வைங்க, மொத்த முகமே 26 பிக்சல். அதுல மூணுல ஒரு பங்கு இழுபட்டுப் போனா கண்ணு எது, மூக்கு எது?

இதே ஷட்டர்ல 4கே போட்டா முகத்துக்கு 51 பிக்சல் கிடைக்கும், இழுபடுறது 18. விகிதம் அதேதான். பிக்சலைக் கூட்டி இழுபடலைக் குறைக்க முடியாது. ஷட்டரை 1/100க்குக் கொண்டு வந்தா நகர்றது 1.4 சென்டிமீட்டர்தான். ஆனா உள்ள வர்ற வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும், அதை விளக்குதான் ஈடுகட்டணும்.

4கேக்கு இந்த இடத்துல இன்னொரு சங்கடம். சென்சர்ங்கிறது வெளிச்சத்தைப் படமா மாத்துற சில்லு. 1/2.8 அங்குல சென்சர்ல 2 மெகாபிக்சல்னா ஒரு பிக்சல் 2.9 மைக்ரோமீட்டர். அதே 1/2.8 அங்குலத்துல 8 மெகாபிக்சலைத் திணிச்சா 1.45. ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் வாங்குற பரப்பு நாலுல ஒண்ணு. அதை ஈடுகட்ட கேமரா ஒண்ணு ஷட்டரை நீட்டும், இல்ல இரைச்சலைக் கூட்டும். பிறகு இரைச்சலைத் துடைக்கிறேன்னு முகத்தையும் சேர்த்துத் துடைச்சு மெழுகிடும்.

#21 · எல்லாம்4கே

இது பழைய பாட்டு. இப்ப 1/1.8 அங்குலத்துலயும், அதைவிடப் பெரிய 1/1.2 அங்குலத்துலயும் 4கே வருது. இரவுல கலராவே காட்டுது. மலிவானதை வெச்சு எல்லா 4கேயையும் திட்டாதீங்க.

#22 · வயர்மேன்

திட்டல. பெரிய சென்சர் போட்ட 4கே நல்ல கேமரா, நானே மாட்டுறேன். மூன்றாம்மாடி சார், கொட்டேஷன்ல சென்சர் அளவு என்ன போட்டிருக்கு?

#23 · மூன்றாம்மாடி

1/2.8 அங்குலம். லென்ஸ் 2.8 மி.மீ., மாற்ற முடியாதது.

#24 · எல்லாம்4கே

ஓகே, அதை வாங்காதீங்க.

#25 · கணக்குப்புள்ள

நான் சேமிப்புக் கணக்கைப் பார்த்தேன், மூன்றாம்மாடி தனிச்செய்தியில் அந்தப் பக்கத்தை அனுப்பியிருந்தார். 8 டெராபைட் டிஸ்க் நாலு, மொத்தம் 32. "30 நாள் பதிவு" என்று எழுதியிருக்கிறார்கள்.

ஒரு கேமரா நொடிக்கு 8 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 86.4 ஜிகாபைட். 30 நாளைக்கு ஏறக்குறைய 2.6 டெராபைட். 24 கேமராவுக்கு 62. கையில் இருப்பது 32. ஆக, ஒன்று பதிவு 15 நாளில் தீர்ந்துவிடும், இல்லை ஒவ்வொரு கேமராவையும் நொடிக்கு 4 மெகாபிட்டுக்குக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். 4 மெகாபிட் என்பது உங்கள் 2 மெகாபிக்சல் கேமராவுக்கு வழக்கமாக வைக்கிற அளவு. அதே சோற்றை நாலு பேருக்குப் பரிமாறுகிற கதை.

#26 · வயர்மேன்

புள்ள, உங்களை எங்க கம்பெனிக்குக் கூட்டிட்டு வரணும். ஆள் அசையாத லாபியில எச்.265ங்கிற வீடியோ சுருக்க முறை நல்லாவே சுருக்கும், அதனால 8 எப்பவும் முழுசா ஓடாது, அதைச் சொல்லிடணும். ஆனா கட்டிப்போட்டா பாதிக்கிறது ஆள் நடக்கிற அந்த நொடியைத்தான். அசைவு வந்ததும் தரவு கூடக் கேட்கும், கிடைக்கலன்னா முகம் கட்டம் கட்டமா உடையும். காலியா இருக்கிற லாபி மட்டும் பளிச்சுன்னு பதிவாகியிருக்கும்.

#27 · காரிடார்_அக்கா

கொண்டோகாரர்களுக்கு நடுவே ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்காரி. செருப்பு அடுக்கிலிருந்து செருப்பு காணாமல் போகிறது. கேட்டுக்கு மேலே 3 மெகாபிக்சல் வைஃபை கேமரா வைக்கலாமா, 4கே வேண்டுமா? அனுமதி வாங்க வேண்டுமா?

#28 · சட்டப்புத்தகம்

அக்கா, 2023இல் விதி தளர்ந்தது. வீட்டுக்குள்ளிருந்து தாழ்வாரத்தைப் பார்க்கும் கேமராவுக்கு முன் அனுமதி தேவையில்லை, அண்டை வீட்டுக் கதவு, சன்னல் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. வெளியே பொதுச் சுவரில் மாட்டுவதானால் நகர மன்றத்திடம் கேளுங்கள். இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020இல் தொடங்கிய, இணையத்தோடு இணையும் சாதனங்களின் பாதுகாப்பைக் காட்டும் முத்திரைத் திட்டம் ஒன்று உண்டு, நாலு நிலை. வைஃபை கேமரா வாங்கும்போது பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மெகாபிக்சலை விட அது முக்கியம்.

#29 · வயர்மேன்

அக்கா, செருப்பு அடுக்குக்கு முன்னால 2 மீட்டர் அகலம்கூட வராது. 3 மெகாபிக்சலே ஏராளம். உயரத்துல வைக்காம கேட் கம்பிக்குப் பின்னால நெஞ்சு உயரத்துல வைங்க, குனிஞ்சு எடுக்கிறவங்க முகம் நேரா விழும்.

மூன்றாம்மாடி சார், காவல்துறை கேமராக்களை எங்க வெச்சிருக்காங்கன்னு உங்க பக்கத்து வீவக புளோக்குல போய்ப் பாருங்க. 2012ல ஆரம்பிச்சு 2016க்குள்ள 10,000 புளோக்குகளுக்கும் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடங்களுக்கும் போட்டு முடிச்சாங்க. மின்தூக்கி முகப்பு, தரைத்தளப் படிக்கட்டு, வாகன நிறுத்துமிட நுழைவு. எல்லாரும் கடந்தே தீரணும்ங்கிற குறுகலான இடங்கள். புல்தரையை நடுவுல நின்னு பார்க்கல.

உங்க லாபிக்கு நான் சொல்றது இதுதான். இப்ப இருக்கிற கேமரா அப்படியே இருக்கட்டும், யார் எப்ப எந்தப் பக்கம் போனாங்கன்னு சொல்ல அது போதும். கதவை மட்டும் பார்க்கிற மாதிரி, குவியம் மாத்தக்கூடிய லென்ஸ் போட்ட கேமரா ஒண்ணு புதுசா மாட்டுங்க. கதவைச் சுத்தி 3 மீட்டர் அகலத்துக்கு இழுத்து வெச்சா 2 மெகாபிக்சல்லயே மீட்டருக்கு 640. ஆள் உள்ள வர்ற திசைக்கு எதிர்ல, 2.2 மீட்டர் உயரத்துல, சுவர்ல மாட்டினா தொப்பிக்குக் கீழயும் முகம் கிடைக்கும். உங்களுடையது கண்ணாடிக் கதவுன்னா பின்வெளிச்சத்தைச் சமாளிக்கிற வசதி கட்டாயம் வேணும், இல்லன்னா மத்தியானத்துல வர்ற எல்லாரும் கறுப்பு உருவம்தான். கதவுக்கு மேல உள்ள விளக்கு மட்டும் ராத்திரி முழுக்க எரியட்டும்.

#30 · எல்லாம்4கே

12 மீட்டர் அகலத்துல 4கே 320 கொடுக்குது, 250ஐத் தாண்டிடுச்சு. நல்ல சென்சர் 4கே ஒண்ணே ரெண்டு வேலையையும் செய்யும். ரெண்டாவது கேமராவுக்கு வயர் இழுக்கிற கூலியையும் கணக்குல சேருங்க. சீலிங்கை வெட்டி, டைல்ஸ் ஒட்டி, அதுக்கு யார் தருவா?

#31 · வயர்மேன்

வயர் கூலி நியாயமான கேள்வி. லாபியில ஏற்கெனவே நெட்வொர்க் ஸ்விட்ச் இருந்தா சின்ன வேலை, இல்லன்னா உங்க வழி மலிவாகூட வரலாம். ஆனா சீலிங் கேமராவோட சரிவுக் கோணத்தை 4கே மாத்தாது. நான் கதவு கேமராதான்னு சொல்வேன். நேர்ல பார்க்காம இதுக்கு மேல சண்டை போட்டுப் பிரயோசனமில்ல.

#32 · மூன்றாம்மாடி

இரண்டு குத்தகையாளர்களிடம் மறுபடி கேட்கப் போகிறோம். இந்தத் தடவை மெகாபிக்சல் எழுதவே இல்லை. கேமராவுக்கு ஒரு வரி: இடம், நோக்கம், ஆள் நிற்கும் இடத்தில் காட்சி அகலம், மீட்டருக்கு எத்தனை பிக்சல். லாபிக் கதவுகள், மின்தூக்கி முகப்பு, பக்கவாட்டு கேட்டுக்கு 250க்குக் குறையாமல். நீச்சல்குளம், கூட்ட அறைத் தாழ்வாரத்துக்கு 62.5. மொத்தத்தில் ஐந்தாறு கேமராதான் மாற்ற வேண்டிவரும் போலிருக்கிறது. விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்.

#33 · வயர்மேன்

"250க்குக் குறையாமல்" என்பதோட "இரவில், வழக்கமா எரியிற விளக்கில், நடக்கிற ஆளை வைத்து, பதிவிலிருந்து யுஎஸ்பியில் எடுத்த படத்தில்"னு சேருங்க. ஒவ்வொரு சொல்லும் வேணும், ஒண்ணை விட்டாலும் அந்த ஓட்டையில நுழைஞ்சுடுவாங்க. ஒப்படைக்கிற அன்னிக்கு ராத்திரி 12 மணிக்கு மேல ஒருத்தரைத் தொப்பி போட்டு நடக்க விடுங்க. அடுத்து ஒரு மீட்டர் கம்பைக் கதவுல கிடைமட்டமாப் பிடிச்சு நிக்கச் சொல்லுங்க. படத்தை எடுத்து, கம்பு எத்தனை பிக்சல்னு எண்ணினாப் போச்சு. பெயின்ட் மென்பொருளே போதும். அதுக்குப் பிறகுதான் மீதிப் பணம்.

அகச்சிவப்பு விளக்குல ஓடுற கேமராவா இருந்தா உடை நிறத்தை நம்பாதீங்க. கறுப்பு பாலியஸ்டர் சட்டை அதுல வெளிறித் தெரியும், வெள்ளைச் சட்டைன்னு அறிக்கை எழுதிடுவாங்க.

#34 · இரவுப்பணி

கையோட எங்க ஆளுங்களுக்காக ஒரு வரி, சார். யுஎஸ்பியில எடுக்கிறது எப்படின்னு குத்தகையாளர் வந்து ரெண்டு ஷிப்டுக்கும் காட்டணும்னு எழுதுங்க. கடவுச்சொல் மேனேஜர்கிட்ட மட்டும் இருந்தா ராத்திரி 2 மணிக்கு நாங்க என்ன செய்ய முடியும், கைப்பேசியைத்தான் எடுப்போம். யார் எடுத்தா, எப்ப எடுத்தா, யார்கிட்ட கொடுத்தான்னு எழுதி வைக்க ஒரு பதிவேடும் வேணும். அதோட அரைக்கோளக் கூடுகளைத் துடைக்கிறது யார் வேலைன்னும் எழுதுங்க. எங்க இடத்துல துப்புரவு ஊழியர் எட்டாதுன்னு விட்டுடுறார், டெக்னீஷியன் என் வேலை இல்லங்கிறார், சிலந்திதான் குடியிருக்கு.

#35 · சட்டப்புத்தகம்

பதிவேடு யோசனைக்கு என் ஓட்டும். பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்பதையும் ஒப்படைப்புச் சோதனையில் சேருங்கள். நேரம் தப்பாக இருந்தால் எவ்வளவு தெளிவான முகமும் விவாதத்துக்கு உள்ளாகும்.

#36 · எல்லாம்4கே

சரி, வாகன நிறுத்துமிடத்துக்காவது 4கே போடுங்க. நம்பர் பிளேட் தெரியணும்ல?

#37 · வயர்மேன்

உள்ள இருக்கிற பெரிய வளாகத்துக்குப் போடலாம், அங்க அகலமாப் பார்க்கிறதுதான் வேலை, உங்க கட்சியே ஜெயிக்கட்டும். நம்பர் பிளேட்டுக்கு நுழைவுத் தடுப்புக் கம்பத்துக்கிட்ட தனி கேமரா வேணும். மணிக்கு 15 கிலோமீட்டர்ல ஊர்ந்து வர்ற காரும் நொடிக்கு 4 மீட்டருக்கு மேல போகுது. 1/25 நொடியில 17 சென்டிமீட்டர், ஒரு எழுத்துகூடத் தேறாது. 1/500 வெச்சா 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்த ஷட்டர்ல ராத்திரி படம் முழுக்க இருட்டா இருக்கும், அகச்சிவப்பு வெளிச்சம் பட்டுப் பிளேட் மட்டும் மின்னும். ஓட்டுநர் முகம் அதுல வராது, அதையும் அதுக்கிட்டயே கேட்காதீங்க.